குட்டைக்குப் போட்ட பந்தல்

எங்கள் பக்கத்தில் ஒரு பந்தலைப் பார்த்தால் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். யாருக்குக் கல்யாணம்? இல்லையென்றால், யார் செத்தது? குட்டைத் தண்ணீர் வெயிலில் வற்றாமல் இருக்கப் பந்தல் போட்டிருக்கிறோம் என்று நான் சொன்ன பதிலை ஒருவரும் நம்பவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்ட ஒரு அம்மாள், "சொல்ல இஷ்டமில்லன்னா வுடு பாப்பா, அதுக்கு எதுக்கு இப்பிடி ஒரு பொய்யி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற ரோட்டோரத்தில் இருந்தது எங்கள் பூங்கா. பூங்கா என்று பலகையில் எழுதியிருந்ததால் பூங்கா. உள்ளே பூ கிடையாது. ஊஞ்சை மரமும் வேலமரமும் வெப்பாலையும் பாறையுமாக, ஆடு மேய்கிற காடு. அதைச் சுற்றி முள்கம்பி போட்டு, நர்சரியிலிருந்து கன்றுகள் கொண்டுவந்து நட்டு, வாசலில் ஒரு இரும்புக் கதவு வைத்து, "இனிமேல் இது பூங்கா" என்று ஒரு ஆபீஸ் சொல்லிவிட்டது. எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குச் சம்பளம் கொடுத்த ஆபீஸ்.

பூங்காவுக்கு நடுவில் ஒரு குட்டை. அடியில் பாறை, மூன்று பக்கம் கரை. மயிலும் முயலும் குடிக்கிற தண்ணீர் அதுதான். கன்றுகளுக்கு ஊற்றுகிற தண்ணீரும் அதுதான். கம்பிக்கு வெளியே இருந்த கல்தொட்டியில் காலையிலும் சாயங்காலமும் நான் குடம் குடமாக ஊற்றி வைப்பேன். ஊர் ஆடுகள் அதில் குடிக்கும். அந்த வருஷம் ஊர்க் கிணறுகளில் வாளியை விட்டால் சத்தம்தான் மேலே வந்தது. மழை வருகிற மாதமே இடம் மாறிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ரேடியோவில்கூட வானிலை முன்போல் இல்லை என்று சொன்னார்கள். ரேடியோ சொன்ன பிறகு எங்கள் அப்பாவுக்கு மழைமீது இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. நமக்கு மட்டும் செய்யவில்லை, எல்லோருக்கும்தான் செய்கிறது என்று ஒரு ஆறுதல்.

நான் அந்தக் குட்டைக்குக் காவல். தற்காலிகம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், பத்தாவது பாஸ். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் கையெழுத்து என்று ஒன்று இருந்ததில்லை, பெருவிரல்தான் இருந்தது. ஆபீஸில் எனக்கு ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தால், எதிரே வருகிற எருமைகூட ஒதுங்கும் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குட்டைக்கு நடுவே ஒரு அளவுகல் நட்டிருந்தது. மேலே பச்சைக் கோடு, நடுவில் மஞ்சள், அடியில் சிவப்பு. சித்திரை பிறந்தபோது தண்ணீர் மஞ்சளை விட்டு இறங்கிவிட்டது. ஜீப்பில் வந்த ஆபீசர் கரையில் நின்று கல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சிவப்பத் தொட்டுதுன்னா பூங்காவ மூடச் சொல்லி மேல இருந்து ஆர்டர் வந்துடும்மா. கன்னுங்கள எல்லாம் வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"நான் சார்?"

"நீ கன்னு இல்லியே. ஒன்ன எங்க தூக்கிட்டுப் போறது? வூட்டுக்குப் போக வேண்டியதுதான்."

வீட்டுக்குப் போவது என்றால் எனக்கு வேறு அர்த்தம். "வேல இருக்கற வரைக்கும் ஒன் கல்யாணப் பேச்ச எடுக்க மாட்டேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வேலை போனால் மறுநாளே பேச்சு எடுப்பார். மாப்பிள்ளை தேடக்கூட வேண்டாம், தயாராக இருந்தார்: அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன், மொரப்பூரில் சைக்கிள் கடை. எங்கள் பக்கத்தில் அக்கா மகள் என்றால் மாமனுக்கு உரிமை. கெட்ட மனிதர் இல்லை. எனக்குச் சிறு வயதில் சைக்கிள் டியூபில் உண்டிவில் செய்து கொடுத்தவர். ஆனால் டைப்ரைட்டிங் படிக்க வேண்டும், வேலை நிரந்தரமாக வேண்டும், என் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்க வேண்டும் என்று எனக்குச் சில எண்ணங்கள் இருந்தன. சைக்கிள் கடைக்கு ரப்பர் ஸ்டாம்பு தேவையில்லை.

ஆக, குட்டை வற்றக் கூடாது.

ஒன்பதாவது அறிவியல் பாடத்தில் ஆவியாதல் படித்திருக்கிறேன். வெயில் பட்டால் தண்ணீர் போகும். நிழல் போட்டால் போவது குறையும். அந்த வாரமே ஆபீசரிடம் சொன்னேன், குட்டைக்கு மேலே பந்தல் போடலாம் சார் என்று. அவர் நெடுநேரம் யோசித்து, "நல்ல யோசனம்மா, ஆனா தண்ணிக்குப் பந்தல் போடறதுக்கு எங்க செலவுக் கணக்குல தலைப்பு இல்ல. விழாவுக்குப் பந்தல் போடத்தான் தலைப்பு இருக்குது. அதுல போட்டுக்கறேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் போய்ச் சொன்னேன்.

அம்மா களி கிண்டிக்கொண்டே கேட்டார்: "தண்ணிப் பானைய மூடி வெக்கோணும்னு கண்டுபிடிக்கறதுக்கா பத்து வருசம் பள்ளிக்கூடம் போன?"

"பானைக்கு மூடி கடையில கெடைக்குதும்மா. குட்டைக்கு மூடி யாரு கண்டுபிடிச்சா? நான்தான்."

"கண்டுபிடிச்ச, கண்டுபிடிச்ச. அந்தத் துடுப்ப எடு."

பென்னாகரத்திலிருந்து பந்தல் பாய் வந்தார். ஆபீஸ் விழாக்களுக்கெல்லாம் அவர்தான் பந்தல். வண்டியில் தென்னங்கீற்றும் மூங்கிலும் கயிறும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர், குட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எதும்மா எடம்?"

"இதாங்க பாய். தண்ணிக்கு மேல."

"ஆளுங்க எங்க ஒக்காருவாங்க?"

"ஆளுங்க இல்லீங்க. தண்ணிக்கு நெழலு, அவ்வளவுதான்."

பாய் தாடியைத் தடவினார். "என் வாப்பா காலத்துல இருந்து பந்தல் போடறோம். தண்ணிக்குப் போட்டதில்ல. சரி, போடறேன். வாழ கட்டணுமா, வேணாமா?"

"வேணாங்க பாய்."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லும்மா. வாழ கட்டாத பந்தல்னா ஊரு என்னான்னு நெனைக்கும்?"

"இது கவர்மெண்ட் பந்தல் பாய்."

"கவர்மெண்டுக்கும் சாவு இருக்குதும்மா" என்றார். பிறகு, எல்லாரிடமும் சொல்கிற வழக்கமான வார்த்தையை என்னிடமும் சொன்னார்: "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. எழவுப் பந்தல்னா காரியம் முடிஞ்ச அன்னைக்குப் பிரிப்பேன். கல்யாணப் பந்தல்னா மறுவூட்டு விருந்து முடிஞ்சப்பறந்தான் பிரிப்பேன். அதுக்கு முந்தி யாரு சொன்னாலும் கை வெக்க மாட்டேன். அது எங்க வாப்பா போட்ட சட்டம்."

பந்தல் எழுந்தது. கரையில் மூங்கில் ஊன்றி, தண்ணீருக்குள் கல் அடுக்கி அதில் நடுக்கால் நிறுத்தி, மேலே கீற்று வேய்ந்தார்கள். கீற்றின் இடுக்கு வழியாக வெயில் காசு காசாகத் தண்ணீரில் விழுந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். என் மூளையில் இருந்தது நிஜமாக நிற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஏரியூர் பஸ் நின்றது. அதிலிருந்து எங்கள் அப்பாவின் சொந்தக்காரப் பெண்கள் ஒரு கும்பல் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். இறங்கும்போதே ஒப்பாரி. முந்தின நாள் பஸ்ஸில் போன யாரோ வாழை இல்லாத பந்தலைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பந்தலுக்குக் கீழே நான் நிற்பதையும் பார்த்திருக்கிறார்கள். நான் நின்றால் எங்கள் வீட்டுச் சாவு. எங்கள் வீட்டில் சாகிற மாதிரி இருந்தது அப்பா மட்டும்தான். போன மாசம் அவருக்கு இருமல் இருந்தது.

நான் விசில் ஊதி நிறுத்தப் பார்த்தேன். ஒப்பாரிக்கு முன்னால் விசில் எம்மாத்திரம்? நேராக வீட்டுக்குப் போனார்கள். அப்பா வாசலில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். பெரியத்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்ன வுட்டுட்டுப் போயிட்டியே தம்பீ" என்று அழுதார்.

"எங்கயும் போவலியேக்கா" என்றார் அப்பா, வாயில் களியோடு.

அத்தை அழுகையை நிறுத்தி, அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப யாருடா செத்தது?"

"யாரும் சாவலக்கா. குட்ட வத்தாம இருக்கப் பந்தல் போட்டுக்குது பாப்பா."

"குட்டைக்கா?" அத்தை மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பாதியில் நின்ற ஒப்பாரி எல்லோர் தொண்டையிலும் இருந்தது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர்போல, "வந்தது வந்தாச்சு, அழுவாமப் போனா நல்லாருக்காது" என்று இன்னும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்பாவும் மரியாதைக்குக் களியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

உண்மையான தொல்லை அதன் பிறகுதான். இழவு கேட்டு வந்தவர்கள் குளிக்காமல் வீடு திரும்பக் கூடாது. கிணற்றில் தண்ணீர் இல்லை. கும்பல் அப்படியே குட்டையை நோக்கி நடந்தது. நான் ஓடிப்போய் இரும்புக் கதவைச் சாத்தி, முன்னால் நின்றேன்.

"குளிக்கக் கூடாதுங்க அத்த. பாதுகாக்கப்பட்ட தண்ணி."

"எழவுக்கு வந்துட்டுக் குளிக்காமப் போனா எங்க வூட்டுக்குத் தீட்டு வராதா?"

"சாவே இல்லீங்களே! சாவு இல்லாம ஏது தீட்டு?"

"அழுதமல்ல?"

சட்டப்படி யோசித்தால் சாவுக்குத் தீட்டா, அழுகைக்குத் தீட்டா? கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று வெகுநேரம் பேசினோம். கடைசியில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, பாதிச் சாவுக்குப் பாதிக் குளியல் என்று ஆளுக்கு ஒரு துளி தலையில் தெளித்து அனுப்பினேன். பெரியத்தை மட்டும் பஸ் ஏறும்போது, "படிச்ச புள்ளன்னா வூட்டு மேல ஒரு பாசம் இருக்கோணும். தண்ணிக்குப் பந்தல் போடறா, மனுசனுக்குத் தண்ணி தர மாட்டேங்கறா" என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்தடுத்த நாட்களிலும் வந்தார்கள். தினமும் ஒரு சொம்பு போய்க்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ரோட்டோரம் போய் நின்று தான் உயிரோடு இருப்பதைக் காட்ட ஆரம்பித்தார். இதற்கு மேல் தாங்காது என்று பந்தல் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து, வாசல் கால்களில் இரண்டு வாழை மரமும் ஒரு வரிசை மாவிலைத் தோரணமும் கட்டினார். கட்டி முடித்து, எட்ட நின்று பார்த்து, "இப்பத்தான் பந்தலாட்டம் இருக்குது" என்றார்.

சாவு நின்றது. கல்யாணம் ஆரம்பித்தது.

ரோட்டில் பஸ் மெதுவாகப் போகும். கண்டக்டர் தலையை நீட்டி, "பாப்பா, மாப்ள எந்தூரு?" என்பார். நான் "தண்ணிக்குங்க!" என்று கத்துவேன். "தண்ணியா? தண்ணி கெடக்குது, சோறு போடுவீங்கல்ல?" என்று பஸ் சிரித்துக்கொண்டே போகும். இந்தச் செய்தி பென்னாகரம் போய், தருமபுரி போய், அங்கே பஸ் மாறி மொரப்பூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு சைக்கிள் கடையில் இறங்கியது. இறங்கும்போது அது இப்படி இருந்தது: உன் அக்கா மகளுக்குப் பந்தல் போட்டு வாழை கட்டியாச்சு, உனக்குச் சொல்லவில்லையா?

மாமா வேனில் வந்தார். கூடவே அவருடைய பங்காளிகள், அவர்களுடைய மனைவிமார், தட்டில் ஒரு பட்டுச்சேலை. வந்த வேகத்தில் பூங்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாவும் அப்பாவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"உரிமக்காரன் நான் இருக்கறப்ப யாருக்குக் கட்டிக் குடுக்கறீங்க? எவன் அவன்? வெளிய வரச் சொல்லு!"

"யாரும் இல்லடா தம்பி" என்றார் அம்மா.

"பந்தல் இருக்குது, வாழ இருக்குது, மாப்ள இல்லியா?" மாமா குனிந்து பந்தலுக்குள் பார்த்தார். உள்ளே தண்ணீர். ஒரு தவளை கல்லிலிருந்து குதித்தது.

"நல்லாப் பாத்துக்குங்க மாமா" என்றேன். "இதுக்குத்தான் பந்தல்."

அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன், ஆவியாதலையும் சேர்த்து. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கோபம் போய் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப பந்தல் சும்மாதான் நிக்குதுங்கற?"

"சும்மா இல்லீங்க, தண்ணிக்கு…"

"வாழ கட்டிட்டுப் பந்தல வெறும்பந்தலாப் பிரிக்கலாமா? ஊருக்கு ஆவுமா?" அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார். அதற்குள் பாதி ஊர் வந்திருந்தது. ஆவாது, ஆவாது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வாழை கட்டிய பந்தலுக்குக் கீழே ஒரு தாலி ஏறாமல் போனால் மழை இன்னும் பின்வாங்கும் என்றார் ஊர்க்கவுண்டர். "நானும் வந்துட்டேன், சேலையும் வந்துருச்சு, சொந்தமும் வந்துருச்சு. நாளன்னைக்கு முகூர்த்தம். இதே பந்தல்ல முடிச்சிரலாம்" என்றார் மாமா.

அப்பா என்னைப் பார்த்தார். "வேல இருக்கற வரைக்கும்னுதான் சொல்லியிருக்கறேன்…" என்று இழுத்தார். அவர் வாக்குத் தவறுகிறவர் இல்லை. ஆனால் ஒரு ஊர் முழுக்க ஒரு பக்கம் நின்றால் அவருக்கு இருமல் வந்துவிடும். இருமினார்.

நான் குட்டையைப் பார்த்தேன். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு சாண்தான் இருந்தது. தண்ணீரைக் காப்பாற்றப் பந்தல் போட்டேன். வேலையைக் காப்பாற்றத் தண்ணீரைக் காப்பாற்றினேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேலையைக் காப்பாற்றினேன். இப்போது அந்தப் பந்தலே எனக்குக் கல்யாணம் செய்து வைக்க வந்து நிற்கிறது. பாடத்தில் இதெல்லாம் போடவில்லை.

அப்போதுதான் கரைமேல் இருந்த இரண்டு கன்றுகள் கண்ணில் பட்டன. ஒன்று அரசு, ஒன்று வேம்பு. பூங்கா திறந்த அன்று ஆபீசர் தன் கையால் நட்டவை. என் முழங்கால் உயரம்.

"பந்தல் வெறுமனே இல்ல" என்றேன். குரலை ஆபீசர் மாதிரி வைத்துக்கொண்டேன். "நாளன்னைக்கு அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம். அதுக்குத்தான் வாழ கட்டினது."

அரச மரத்துக்கும் வேப்ப மரத்துக்கும் கல்யாணம் செய்தால் மழை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரியம். மழைக்காகச் செய்கிற கல்யாணத்தை எந்த வாயால் வேண்டாம் என்பது? ஊர்க்கவுண்டர் மட்டும் கன்றுகளைப் பார்த்துவிட்டு, "ரொம்பச் சின்னதா இருக்குதே பாப்பா" என்றார்.

"வயசு எப்படீங்க தெரியும்? வெட்டி உள்ள வளையத்த எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்னு புஸ்தகத்துல இருக்குது. வெட்டலாமா?"

யாரும் வெட்டச் சொல்லவில்லை.

"வேம்பு நம்ம மண்ணுல வளர்ற பொண்ணு, நம்ம வூட்டுப் பொண்ணு" என்று தொடர்ந்தேன். "தாய்மாமன் இல்லாமப் பொண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா? மாமா, நீங்கதான் வேம்புக்குத் தாய்மாமன். சீரு உங்களுது."

இத்தனை பேர் முன்னால் ஒரு மனிதனைத் தாய்மாமன் என்று கூப்பிட்ட பிறகு அவன் முடியாது என்று சொன்னதாக எங்கள் மாவட்டத்தில் கதை இல்லை. மாமா ஒரு கணம் திகைத்தார். அதற்குள் பங்காளி ஒருவர், "சீருல நாம யாருக்கும் கொறஞ்சவங்க இல்ல" என்று மீசையைத் தொட்டுவிட்டார். அத்தோடு முடிந்தது.

"மரத்துக்கு என்னா சீரு செய்யறது?" என்று கேட்டார் மாமா.

"தண்ணிதான்."

ஏரியூருக்கு மேற்கே காவேரியில் அணைத் தண்ணீர் பின்வாங்கியும் கொஞ்சம் நின்றது. அங்கே மாட்டுவண்டி போய் வர மூன்று மணி நேரம். கல்யாண நாள் காலையில் மாமாவின் சீர் வரிசை ரோட்டில் வந்தது. முன்னால் மேளம். அதற்குப் பின்னால் பட்டுச்சேலைத் தட்டு. அதற்குப் பின்னால் வண்டியில் ஒரு டிரம் தண்ணீர், சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வெயில் படாமல் குடை பிடித்து. மாமாவே குடை பிடித்திருந்தார். பஸ் நின்று வழிவிட்டது.

பெரியத்தை தன் ஊர்க்காரர்களோடு வந்திருந்தார். டிரம்மைப் பார்த்துவிட்டு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "மொரப்பூர்க்காரன் மொத்தமும் சேர்ந்து ஒரே டிரம்மா?" என்றார். மாமா வண்டியை அப்படியே திருப்பி இன்னொரு தடவை அனுப்பினார். அதைப் பார்த்து அத்தையின் ஊர் சும்மா இருக்குமா? பங்காளிகளின் வண்டியும் கிளம்பியது. மொய் என்று வந்தவர்களிடம் நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன்: ஒரு கை தண்ணீர் கன்றுக்கு, மிச்சம் குட்டைக்கு. குடத்தோடு வந்தவர்கள், சொம்போடு வந்தவர்கள், வெற்றிலைத் தட்டில் நிரப்பிய டம்ளரோடு வந்த ஒரு கிழவர். வரிசை தவறினால் விசில். ஒகேனக்கல்லில் மீன் பொரித்து விற்கிற ஒரு தூரத்துச் சித்தப்பா, எண்ணெய் டின்னில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். அதை மோந்து பார்த்து, கன்றுக்கு வேண்டாம், குட்டைக்கும் வேண்டாம், கை கழுவ வைத்துக்கொள்ளலாம் என்று தனியே வைத்தேன்.

பூசாரி வேம்புக்குத் தாலி கட்ட உட்கார்ந்தார். மஞ்சள் கயிறு ஏறியதும் வேம்பு தலை சாய்ந்துவிட்டது. மணப்பெண் வெட்கப்படுகிறாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். நான் ஒரு குச்சி நட்டு நிமிர்த்திக் கட்டினேன். பட்டுச்சேலையை எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் கன்றைச் சுற்றி வேலி மாதிரி சுற்றினார்கள்.

அந்த நேரத்தில் ஜீப் வந்தது.

ஆபீசர் இறங்கி, மேளத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பட்டுச்சேலைக்குள் தலை நீட்டிக்கொண்டிருந்த வேம்பைப் பார்த்தார். அவர் கையில் ஒரு கவர் இருந்தது. பூங்காவை மூடுவது பற்றி மேலே இருந்து கேட்டிருக்கிறார்கள், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுத வந்திருக்கிறார் என்று பிற்பாடு சொன்னார். அப்போது அவரைச் சொல்ல விடவில்லை.

"மாப்ள வூட்டுக்காரரு வந்துட்டாரு!" என்று நான் கத்தினேன். "சார், அரசங்கன்னு உங்க நர்சரியில வளந்தது. நீங்கதான் மாப்ள வூடு."

"நானா?"

மாமா ஏற்கெனவே ஒரு துண்டை எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டார். சம்பந்தி சம்பந்தி என்று கட்டிப்பிடித்தார். பந்தல் பாய் அவருக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். யாரோ கையில் ஒரு வெற்றிலைப்பாக்குத் தட்டைக் கொடுத்தார்கள். ஆபீசர் தலைப்பாகையோடு உட்கார்ந்து, மெதுவாக என்னிடம், "இது கொழந்தக் கல்யாணம் இல்லியாம்மா?" என்றார்.

"எங்களுக்கும் அந்தக் கவல இருக்குதுங்க சார். வயசு தெரியல."

உண்மையைச் சொன்னால் அத்தனை டிரம்மும் குடமும் சேர்ந்து குட்டையில் தண்ணீர் ஏறியது கொஞ்சம்தான். ஆனால் ஆபீசர் அளவுகல்லைப் பார்த்தபோது அது சிவப்புக்கு மேலே இருந்தது. முந்தின வாரத்தைவிடக் குறையவும் இல்லை. பந்தல் தன் வேலையைச் செய்திருந்தது. சம்பந்திகள் எல்லோரும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அவரோடு சேர்ந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் எடுத்த அன்றே பெண் வீட்டை இழுத்து மூடுவதற்கு மனம் வேண்டும். அவர் கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "தண்ணி இருக்குதுன்னு எழுதிடறேன்" என்றார். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் மாமா அப்பாவிடம் வந்து உட்கார்ந்தார். "சரிங்க மாமா, மழைக் கல்யாணம் முடிஞ்சுது. அடுத்த முகூர்த்தம் நம்முது" என்றார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவருடைய பங்காளி மனைவி நிமிர்ந்தார்.

"அதெப்படிக் கொழுந்தனாரே? ஒரு வூட்டுல ஒரு வருசத்துல ரெண்டு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணக் கூடாதே. வேம்பு இந்த வூட்டுப் பொண்ணுன்னு நீங்கதான தாய்மாமனா நின்னு சீரு செஞ்சீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் குட்டையைப் பார்த்தேன்.

"இத மொதல்லயே ரோசன பண்ணினியா பாப்பா?" என்றார்.

"பத்தாவது பாஸ் மாமா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். வேன் ஏறும்போது பட்டுச்சேலையை மட்டும் கேட்டார். கன்றைச் சுற்றியதை அவிழ்த்தால் வேம்பு சாய்ந்துவிடும் என்று கொடுக்கவில்லை.

சில நாள் கழித்துப் பந்தல் பாய் பிரிக்க வந்தார். ஏணி சாத்தப் போனவரை நிறுத்தி, "பாய், மறுவூட்டு விருந்து இன்னும் முடியலீங்களே" என்றேன்.

"எப்பம்மா?"

"வேம்பு மாப்ள வூட்டுக்கு நடந்து போவோணும். இன்னும் கெளம்பல."

பாய் வேம்பைப் பார்த்தார். வேம்பு இருந்த இடத்தில் இருந்தது. அவர் வாப்பா போட்ட சட்டம். "பந்தலத் தூக்கிட்டுப் போயி அடுத்த கல்யாணத்துக்குப் போடோணும்மா" என்றார். பிறகு தாடியைத் தடவி, "சரி, கெளம்பினா சொல்லி அனுப்பு" என்று ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, ஆடிக் காற்றில் கீற்று பாதி பறந்தது. தண்ணீர் சிவப்புக் கோட்டை ஒரு பக்கம் நக்கிக்கொண்டிருந்தபோது ஆவணியில் மழை வந்தது. மரக் கல்யாணத்தால் வந்தது என்று ஊர் சொல்லியது. அது வருகிற நேரத்துக்கு வந்தது, நாங்கள்தான் அதுவரைக்கும் தாக்குப்பிடித்தோம் என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. குட்டை பச்சைக் கோடு வரை நிறைந்தது. என் வேலையை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டித்தார்கள். தற்காலிகமாகத்தான்.

அடுத்த சித்திரையில் தண்ணீர் மறுபடியும் மஞ்சளுக்குக் கீழே இறங்கியது. நான் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன், இந்தத் தடவை வாழையோடு. பந்தல் நின்ற மூன்றாம் நாள் மொரப்பூரிலிருந்து மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். வருஷம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். புதுச் சட்டை போட்டிருந்தார், கையில் பழத்தட்டு.

"வாங்க மாமா" என்றேன். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. வேம்புக்கு வளகாப்பு."

மாமா பந்தலைப் பார்த்தார். குச்சி இல்லாமலே நிமிர்ந்து, இப்போது என் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்த வேம்பைப் பார்த்தார். கிழிந்து வெளுத்த பட்டுச்சேலையைப் பார்த்தார். பிறகு பழத்தட்டைக் கரைமேல் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எத்தன டிரம்மு வேணும்?" என்றார்.